பந்தல் கல்லின் மேல் ஒரு கார்

என் கணவரின் வலது கை எப்படிப் போனது என்று யார் கேட்டாலும், "கல்லு ஒடஞ்சிருச்சு" என்பார். பக்கத்தில் நிற்கும் நான் தலையாட்டுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. கல் உடைந்தது, கார் இறங்கியது, அடியில் அவர் படுத்திருந்தார். ஓடைப்பட்டியில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும், அவர்கள் சொல்லி மீதிப் பேருக்கும் தெரியும். கல் உடைவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் அந்தக் காரின் கதவை அறைந்து சாத்தினேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் அதை நான் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு சமைத்தேன், தோட்டத்துக்குப் போனேன், கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தேன். அவருக்காவது தெரியுமா, தெரியாதா? அந்த இரண்டு வருடமும் எனக்கு வேறு கேள்வியே இருக்கவில்லை.

காரை அவர் போடியில் வாங்கினார். ஏலக்காய் வியாபாரி ஒருவரின் மகன் ஆசை ஆசையாய் வைத்திருந்த வண்டி. கோயம்புத்தூரில் படிக்கும்போது ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். படிப்பு முடிந்து வெளிநாட்டுக்குப் போய்விட்டான். அவன் அப்பாவுக்கு மூட்டுவலி. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கைகொடுக்க வேண்டும். யார் தலையிலாவது கட்டிவிட்டால் போதும் என்று இருந்தவரின் கண்ணில் என் வீட்டுக்காரர் பட்டார்.

வந்த அன்றைக்கே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. சிவப்பு வண்டி. டயருக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையாது. உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். சின்னமனூர் போகிற வழியில் எத்தனை வேகத்தடை உண்டோ அத்தனையிலும் அடிவயிறு உரசும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார், நான் சிரிப்பேன். "இது காரா, பல்லியா?" என்று கேட்பேன்.

"ரோட்ட ஒட்டிப் போனாத்தேன் வண்டி நெலையா நிக்கும். ஒனக்கு என்ன தெரியும்" என்பார்.

நாற்பத்திரண்டு வயது மனிதருக்கு அந்த வண்டியில் ஏறினால் இருபது வயது திரும்பிவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டு வலது முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டுவார். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பார். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருக்கும், கொஞ்சம் பிடிக்கவும் செய்யும். அந்த முழங்கையை இப்போது அவரால் மடக்க முடியாது.

கல்லைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் திராட்சைப் பந்தல் நிற்பது கல்லின் மேல். ஆள் உயரத்துக்கு மேலாக உடைத்தெடுத்த கருங்கல் தூண்களை வரிசையாக நட்டு, மேலே கம்பி இழுத்துக் கொடியைப் படரவிடுவோம். காய்ப்புக் காலத்தில் தொங்குகிற அத்தனை குலையின் பாரமும் அந்தக் கல்லின் தலையில்தான். என் மாமனார் நட்ட கற்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. டிராக்டர் இடித்தோ, காற்றில் பந்தல் சரிந்தோ எப்போதாவது ஒரு கல் முறிந்தால் அந்தத் துண்டை யாரும் எறிய மாட்டார்கள். அது வீட்டுக்கு வந்துவிடும். துணி துவைக்க ஒன்று, வாசலுக்குப் படியாக ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு அண்டையாக ஒன்று, மாடு கட்ட ஒன்று. எதற்காவது முட்டுக்கொடுக்க வேண்டுமென்றால், "அந்தப் பந்தக் கல்ல உருட்டிட்டு வா" என்பதுதான் எங்கள் ஊரில் முதலில் வாயில் வரும். இரும்பு துருப்பிடிக்கும் என்பவர்கள் உண்டு, சிமெண்டுத் தூணை நம்பாதவர்கள் உண்டு. பந்தல் கல்லைச் சந்தேகப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. நானும் சந்தேகப்பட்டதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து, தோட்டத்தில் அவசர வேலை எதுவும் இல்லாத நாட்கள். முந்தின நாள் தேனியிலிருந்து வரும்போது ஒரு வேகத்தடையில் சைலன்சர் குழாய் அடிபட்டுத் தொங்கிவிட்டது. கடகடவென்று தார் ரோட்டில் இழுபட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள் என்றேன்.

"ஒரு கம்பி வச்சுக் கட்டுற வேல. அதுக்கு ஒரு மெக்கானிக்கா?" என்றார்.

பந்தலில் கம்பி கட்டியே பழகிய கை அது. கம்பி கட்டுகிற வேலை என்று வந்துவிட்டால் அதை இன்னொருவரிடம் விட அவருக்கு மனசு வராது.

காரோடு வந்த ஜாக்கியை முழுக்கச் சுருக்கினாலும் அது வண்டிக்கு அடியில் நுழையவில்லை. சாய்த்து வைத்துப் பார்த்தார், படுக்க வைத்துப் பார்த்தார், காலால் உதைத்தும் பார்த்தார். பிறகு கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து வந்து, வண்டியின் பக்கவாட்டில் முற்றத்து மண்ணில் ஒரு குழி வெட்டினார். குழிக்குள் ஒரு பலகைத் துண்டைப் போட்டு, அதன் மேல் ஜாக்கியை இறக்கினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு அவர் செய்த எதையும் நான் தடுக்கவில்லை.

ஜாக்கியைச் சுற்றச் சுற்ற அந்தப் பக்கம் மெல்ல எழுந்தது. ஒரு சாணுக்கு மேல் எழுந்ததும், கொல்லையில் கிடந்த பந்தல் கல் துண்டை உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன் மேல் கல்லைக் குறுக்கே படுக்கப் போட்டு, கல்லின் நடுவில் வண்டியின் அடிச்சட்டம் உட்காரும்படி ஜாக்கியைக் கொஞ்சம் தளர்த்தினார். வாய்க்காலுக்குப் பாலம் போட்ட மாதிரி இருந்தது. காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"யானையே ஏறி நின்னாலும் தாங்கும்" என்றார்.

கை பிரேக் அந்த வண்டியில் சரியாகப் பிடிக்காது. சக்கரத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு செங்கல்லை வைத்தோம். அப்படியும் அவருக்குத் திருப்தி இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"உள்ள ஏறி பிரேக்க மிதிச்சுக்கிட்டு ஒக்காரு. ரெண்டே நிமிசம்."

அடுப்பில் குக்கரில் கறி இருந்தது. இரண்டு நிமிடம்தானே என்று ஏறி உட்கார்ந்தேன். அவர் மல்லாக்கப் படுத்து, கால்களை உந்தி உள்ளே நகர்ந்து போனார். எனக்கு அடியில், தகட்டுக்கு அந்தப் பக்கம், அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கம்பி கைநழுவிக் கீழே விழுந்தது. குறடு எட்டவில்லை. அவர் சைலன்சரைத் திட்டினார், போடிக்காரரைத் திட்டினார். இரண்டு நிமிடம் இருபது நிமிடமானது. என் கால் மரத்துப்போனது. அடுப்படியில் விசில் வர ஆரம்பித்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது விசிலில் சொன்னேன்.

"மாமா, கறி அடிப்பிடிச்சுரும். நான் போய் அமத்திட்டு வந்துர்றேன்."

"இருடி. இப்ப முடிஞ்சிரும்."

"அப்பயும் இதத்தேன் சொன்னீக."

"ஒரு கால வச்சுக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கக்கூட ஒனக்கு நோவுதா? ஒங்க வீட்ல ஒக்காந்து திங்கத்தான பழக்கி விட்டுருக்காக."

இதைவிட மோசமாகவெல்லாம் நாங்கள் பேசியிருக்கிறோம். இருபது வருடக் குடித்தனத்தில் இது ஒரு பேச்சே இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தால் வாயைவிடக் கை முந்தும். யாரையும் அடிக்கிற கை இல்லை, கதவைச் சாத்துகிற கை. பீரோவோ ஜன்னலோ கொல்லைக் கதவோ, வீடே அதிரச் சாத்திவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்வேன். கதவு என்னடி பாவம் பண்ணியது என்று என் அம்மா சின்ன வயதில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பழக்கம் அது.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். இறங்கினேன். கதவை அறைந்து சாத்தினேன்.

மூன்று எட்டு வைத்திருப்பேன். பின்னால் படீரென்று ஒரு சத்தம். தேங்காய் உடைக்கிற சத்தம்தான், அதைவிடப் பெரிதில்லை. தொடர்ந்து ஜாக்கி குழிக்குள் சரிகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். கார் எப்போதும் போலத் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஒரு காலில் செருப்பு இருந்தது.

நான் கத்தியதாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நினைவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரும் முதுகில் மாட்டிய டப்பாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்கள். காரைத் தூக்கப் பார்த்தார்கள். வண்டியை இறக்குவது என்றால் என்ன என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. தூக்குவதற்குக் கை நுழைய இடம் இல்லை. விரல் நுனிதான் நுழைந்தது. தம்பிக்காரர் நாய் பறிக்கிற மாதிரி இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தார். அண்ணன்காரர், "கடப்பாற எங்கத்தா, கடப்பாற எங்கத்தா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது அவர் காலடியில்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். உடைந்த பந்தல் கல்லின் ஒரு பாதியையே அண்டை கொடுத்து, சட்டத்துக்கு அடியில் கடப்பாரையை விட்டு இருவரும் நெம்பினார்கள். நான் இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். அப்போது அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுத மாட்டேன்.

குக்கர் அதுவரை அடுப்படியில் விசில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

தேனி பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது விலா எலும்பு ஆறு முறிந்திருந்தது. ஒன்று நுரையீரலில் குத்தியிருந்தது. வலது தோளும் முழங்கையும் எலும்பு என்று சொல்ல முடியாதபடி இருந்தன. தொண்டையில் குழாய் போட்டு வைத்திருந்ததால் பதினோரு நாள் அவர் பேசவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பிழைக்க வேண்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். அதே வாயால், அவர் கண் விழித்ததும் என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்த என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். என்னை உள்ளே விட்டார்கள். அவர் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"குக்கர அமத்துனயா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டார். "சாப்பாட்டு நெனப்பு வந்துருச்சுல்ல, இனிமே பயமில்லக்கா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இறங்கிப் போனது அவருக்கு நினைவிருக்கிறது. அப்படியானால் கதவு? கதவுச் சத்தமும் கல் முறிந்த சத்தமும் அவர் காதில் தனித்தனியாக விழுந்தனவா, ஒன்றாகவா? கேட்டுவிடலாம். கேட்டால் நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். "அமத்திட்டேன் மாமா" என்று மட்டும் சொன்னேன். அதுவும் பொய். பக்கத்து வீட்டு அக்காதான் ஓடிப் போய் அமர்த்தியது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கல்லைப் பற்றித்தான் பேசினார்கள். எந்தக் கல், எந்த வரிசையில் நின்ற கல், எந்தக் குவாரியில் எடுத்தது, உள்ளே ஏற்கெனவே விரிசல் ஓடியிருக்குமா. "பந்தக் கல்லா ஒடஞ்சுச்சு?" என்று நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவரும் பொறுமையாக, "கல்லு ஒடஞ்சிருச்சு" என்பார். சொல்லிவிட்டு ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்ப்பார். அப்படிப் பார்க்கிறாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? நான் பழத்தை நறுக்கக் குனிந்துகொள்வேன்.

ஆளாக எழுந்து நடக்க ஆறு மாதம் ஆனது. அடுத்த கவாத்துக்குத் தோட்டத்துக்கு வந்தார். கத்தரியை வலது கையில் எடுத்தார். விரல்கள் பாதிதான் மூடின. இடது கைக்கு மாற்றினார். அண்ணாந்து பந்தலைப் பார்த்துக் கையைத் தூக்கினால் விலா பிடித்துக்கொண்டது. கொடியை எந்தக் கணுவில் வெட்டினால் எத்தனை குலை வரும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற மனிதர். கத்தரியைக் கொண்டுபோய் ஒரு பந்தல் கல்லின் அடியில் மெதுவாக வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு கூலி ஆட்கள் வெட்டுவார்கள், இவர் கீழே உட்கார்ந்து இடது கையால் காட்டுவார். ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி, எங்காவது வாய் தவறி அதைச் சொல்லியிருப்பேன்.

நான் கதவு சாத்துவதையே விட்டுவிட்டேன். பீரோ திறந்தபடி கிடக்கும். கொல்லைக் கதவு வழியாக நாய் வந்து பால் சட்டியை உருட்டும். மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் லீவுக்கு வந்தபோது, "என்னம்மா, ஒரு கதவையும் சாத்த மாட்டேங்குற?" என்று கேட்டாள். காத்து வரட்டும் என்றேன். சின்னமனூரில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனபோதும் இதே பாடுதான். நான் கதவைச் சாத்தினால் பட்டும் படாமலும் நிற்கும். சொல்லிக்கொடுத்தவர், "கதவு சரியா விழலக்கா, லைட்டு எரியுது பாருங்க" என்று தினமும் எட்டிக் கைநீட்டி அவரே சாத்துவார்.

ஓட்டக் கற்றுக்கொண்டது அவருக்காக. கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு தடவை தேனிக்குப் போக வேண்டும். பஸ் குலுக்கலில் போய் வந்தால் இரவெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் ஒரு கார் இருக்கத்தானே செய்தது. விபத்துக்கு மறுநாளே அண்ணன் தம்பிகள் அதை முற்றத்திலிருந்து தள்ளிக்கொண்டு போய், பழம் பெட்டி போடுகிற கொட்டகையில், சிமெண்டுத் தரையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சின்னமனூர் மெக்கானிக்கிடம் கேட்டேன். வண்டியைக் கொண்டுவந்தால் வெட்டின ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் புதிது போட்டுப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்துவிடலாம் என்றார். கொண்டுபோவதுதான் பெரும்பாடாக இருந்தது. நான்கு டயரிலும் காற்று இல்லை, முன்னிரண்டும் வெடித்துக் கிடந்தன. ரெக்கவரி வண்டிக்காரர் வந்து குனிந்து பார்த்தார். பம்பர் தரையில் உட்கார்ந்திருக்கிறது, இழுத்தால் பிய்ந்துவிடும், முன் டயர் இரண்டையும் மாற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டயரை மாற்ற வேண்டுமென்றால் வண்டியைத் தூக்க வேண்டும்.

"நம்ம ஆளு ரெண்டு பேர அனுப்புறேங்க்கா" என்றார் மெக்கானிக்.

"ஆள் வேணாம். எப்படித் தூக்குறதுன்னு எனக்குச் சொல்லுங்க."

இன்னொரு வீட்டு ஆள் அந்த வண்டிக்குப் பக்கத்தில் குனிவதை என்னால் பார்க்க முடியாது. அதை மெக்கானிக்கிடம் சொல்லவில்லை.  அவர் சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நடுவில் கல்லைப் பற்றியும் பேச்சு வந்தது.

"அது நட்டமா நிக்கிறதுக்கு ஒடச்ச கல்லுக்கா. நின்னா மலையவே தாங்கும். படுக்கப் போட்டு நடுவுல பாரத்த எறக்குனா முறிஞ்சுரும். அதுவும் மண்தரையில. மேல லேசா ஒரு அதிர்வு போதும்." கையைத் துணியில் துடைத்தார். "அன்னைக்கு யாராச்சும் வண்டியத் தொட்டாகளா? இடிச்சாகளா?"

"இல்லையே" என்றேன்.

தாழ்வான வண்டிக்கு அடியில் நுழைகிற டிராலி ஜாக்கி ஒன்று, இரும்பு ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு அடைகொடுக்க மரக்கட்டை நான்கு, கழற்றிப் பூட்ட ஒரு ஸ்பேனர், மாற்றி மாட்ட டயரோடு இரண்டு சக்கரம் எல்லாம் கொடுத்துவிட்டார்.

போன புதன்கிழமை காலையில் தூக்கினேன். அதே அண்ணன் தம்பிகள் வந்தார்கள். பின் டயர் இரண்டுக்கும் காற்று அடித்தோம். முன்பக்கம் வெடித்த டயரிலேயே வண்டி நின்றது, ஜாக்கியை நீட்டிப் பார்த்தால் நுழையவில்லை. தாளில் அதற்கும் வழி இருந்தது. தடித்த வேப்பம்பலகையில் சக்கரத்துக்கு இரண்டு, கீழ்ப் பலகை நீளம், மேல் பலகை குட்டை, படி மாதிரி. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். முன் சக்கரங்கள் ஒரு படி ஏறின, இன்னொரு படி ஏறின. பிரேக்கை மிதித்துக் கியரைப் போட்டேன். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையை அடைக்கச் சொன்னேன். பிறகுதான் காலை எடுத்து இறங்கினேன். வழக்கம் போலக் கதவைத் திறந்தபடியே விட்டேன்.

"நாங்க இருக்கோம்த்தா" என்றார் அண்ணன்காரர்.

"வேணாம்ண்ணே. நீங்க வேலயப் பாருங்க. சோலின்னா கூப்புடுறேன்" என்று அனுப்பிவைத்தேன்.

என் கணவர் பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. 

தூக்குவதற்கு முன்னாலேயே சக்கரத்து நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். ஜாக்கியை முன்பக்கக் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் தள்ளினேன். இப்போது நுழைந்தது. கைப்பிடியை அழுத்த அழுத்த வண்டி எழுந்தது. ஒவ்வொரு விரல் உயரத்துக்கும் நிறுத்தி, பின் சக்கரத்துக் கட்டைகள் நகரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். சக்கரம் பலகையை விட்டுக் கிளம்பியதும், இரண்டு பக்கமும் தகடு மடிந்து கெட்டியாக இருக்கிற இடம் பார்த்து, அதற்கு நேர்கீழே ஸ்டாண்டை வைத்தேன். ஜாக்கியைத் தளர்த்தி, பாரம் முழுவதும் ஸ்டாண்டில் உட்கார விட்டேன். ஜாக்கியை வெளியே எடுக்காமல் சும்மா தொட்டுக்கொண்டு நிற்க விட்டேன். ஒரு சக்கரத்தைக் கழற்றி, அதையும் படுக்கப் போட்டு வண்டிக்கு அடியில் தள்ளினேன். எல்லாம் கைவிட்டாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் விழும், ஆள் மேல் விழாது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அன்றைக்கு டிக்கியில் ஒரு ஸ்டெப்னி சும்மாதான் கிடந்தது. அதை இழுத்து அடியில் போட எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தாளில் கடைசி வரி, ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பது. அடுத்த சக்கரத்துக்குப் போவதற்கு முன்னால், இரண்டு கையையும் வண்டியின் மேல் ஊன்றித் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

"அப்படி ஆட்டுனாப் பத்தாது" என்றார் அவர்.

திரும்பினேன்.

"கதவு தெறந்து கெடக்குல்ல. சாத்து."

"கெடக்கட்டும் மாமா. பெறகு சாத்திக்கிர்றேன்."

"இப்பச் சாத்து. மெதுவா இல்ல. அன்னைக்குச் சாத்துனயே, அதே மாதிரி சாத்து."

 அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போய்க் கதவைப் பிடித்தேன். தள்ளினேன். பாதியில் நின்றுவிட்டது.

"அன்னைக்கு இப்படியா சாத்துன?" என்றார்.

இரண்டாவது தடவை அறைந்து சாத்தினேன். தகரக் கொட்டகை முழுவதும் அதிர்ந்தது. கார் இம்மியும் அசையவில்லை.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டேதேன் இத்தன நாளா வாய மூடிக்கிட்டு இருந்தீகளா? வர்றவுக போறவுககிட்டயெல்லாம் கல்லு கல்லுன்னு சொன்னீகளே, நான் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தது ஒங்களுக்குத் தெரியலயா? ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "ஆஸ்பத்திரியில பாத்தேன். வீட்டுக்கு வந்தும் பாத்தேன். தெனமும் பாத்தேன். நீ சொல்லவேயில்லயேத்தா."

கடைசிச் சொல்லில் அவர் குரல் உடைந்தது. கை போனதற்கு ஒரு நாளும் என் முன்னால் அழாத மனிதர்.

நான் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "நாந்தேன் சாத்துனேன் மாமா" என்றேன். சொன்ன பிறகு பார்த்தால் அது மூன்று வார்த்தைதான்.

 சரி என்றோ, பரவாயில்லை என்றோ சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இடது காலால் ஸ்பேனரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"அடுத்த சக்கரத்தக் கழட்டு" என்றார்.